ஊரைக் கேட்டு எழுதிய துறை

1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வயது 58. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அது பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் இடமாகவே இருந்தது. பாடம் சொல்வதெல்லாம் கல்லூரிகளின் பொறுப்பு. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தி ஆராய்ச்சி செய்ய வைக்கும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது. அந்த முதல் வரிசையிலேயே பொருளாதாரத்துக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது நம் அதிர்ஷ்டம். அதில் வந்து உட்கார்ந்தவர் ஸ்லேட்டராக இருந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்துக் கிராமங்களில் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு, சிறு குடியானவர்கள் நிலமற்றுப் போன கதையை 1907-இல் புத்தகமாக எழுதியவர். அப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்த மாணவர்கள் மார்ஷலையும் மில்லையும் பக்கம் பக்கமாக ஒப்பிப்பார்கள். ஊரில் ஒரு காணி நிலத்துக்கு என்ன குத்தகை, அறுவடைக் கூலி எத்தனை மரக்கால் என்று கேட்டால் விழிப்பார்கள். ஸ்லேட்டர் இதற்குக் கண்ட வழி எளியது. நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, தங்கள் ஊரையே எழுதி வரச் சொன்னார். மக்கள் தொகை, நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன பயிர், பாசனம், கூலி, கடன், சாப்பாடு, துணை வருமானம் என்று வாழ்க்கை முழுவதும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது.

எழுதி வந்தவற்றைத் தொகுத்து 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளிவந்தது. ராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம், திருநெல்வேலி ஜில்லா கங்கைகொண்டான், தஞ்சாவூர் ஜில்லா பாலக்குறிச்சி, வட ஆர்க்காடு தூசி, தென் ஆர்க்காடு இருவேல்பட்டு ஆகிய ஊர்களோடு, அன்றைய மாகாணத்தின் மலையாளம், தெலுங்குப் பகுதி ஊர்கள் சிலவும் அதில் உண்டு. இந்தியாவில் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாணவர்களை வைத்துச் செய்த கிராம ஆய்வுகளில் இது மிக முந்தியவற்றில் ஒன்று.

இதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அன்று கல்லூரி வரை வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். சொந்த ஊரைப் பற்றித்தான் எழுதினார்கள் என்றாலும், ஊரின் எந்தத் தெருவில் நின்று பார்த்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. திண்ணையிலிருந்து பார்த்தால் படியாளின் கூலி ஒரு கணக்கு. படியாளின் வீட்டுக்குள் உலை கொதிக்கிறதா என்பது வேறு கணக்கு. இருந்தும் அவர்கள் எழுதி வைத்ததால்தான் அந்தக் கூலி இன்று நமக்குத் தெரிகிறது.

ஸ்லேட்டருக்குப் பின் 1922 முதல் 1925 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஜான் மத்தாய். கோழிக்கோட்டில் பிறந்து, கிறித்தவக் கல்லூரியில் படித்து, வக்கீலாகத் தொழில் தொடங்கியவர். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சிட்னி வெப்பின் கீழ் இந்தியக் கிராம ஆட்சிமுறை பற்றி ஆய்வு செய்தார். பல்கலைக்கழகத்தை விட்டபின் சுங்க வரி வாரியம், டாட்டா நிறுவனம், 1944-இன் பம்பாய்த் திட்டம், ரயில்வே அமைச்சு, நிதியமைச்சு என்று போனது அவர் பாதை. திட்டக் கமிஷனுக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் பிடிக்காமல் 1950-இல் நிதியமைச்சர் பதவியை விட்டார். 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியின் முதல் தலைவரானார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இரண்டாமவர் மத்தாயும் ஒரே கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்கள் என்பதை எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. ‘பொருளாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் சார்?’ என்ற கேள்விக்கு அது கைவசம் இருந்த பதில். நேர்மையான பதில் என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் எவரும் நிதியமைச்சராகப் போவதில்லை என்பது கேட்டவனுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

பி.ஜே. தாமஸ் 1927-இல் வந்தார். துறை அதன் உயரத்தைத் தொட்டது அவர் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. 1936-37-இல் அவரும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். இருபது ஆண்டு இடைவெளியில் அதே வீடுகள், அதே வயல்கள், அதே கேள்விகள். இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்து போயிருந்தது. நெல் விலை படுத்துவிட்டது. விலை ஏறியிருந்த காலத்தில் வாங்கிய கடனை, விலை விழுந்தபின் விற்ற நெல்லைக் கொண்டு அடைக்க வேண்டிய நிலையில் குடியானவன் இருந்தான். ஒரு முறை மட்டும் போய் எழுதிய அறிக்கையில் கடன் என்பது ஒரு தொகைதான். இரண்டாம் முறை போனபோது அந்தக் கடன் எப்படி வளர்ந்தது, அதற்காக யார் நிலத்தை விட்டார், யார் வாங்கினார் என்பது தெரிய வந்தது. மறு ஆய்வு 1940-இல் நூலானது.

அந்த ஆண்டுகளில் ஆய்வும் அரசும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடந்தன. விவசாயக் கடன் பற்றி அரசு அதிகாரி சத்தியநாதன் 1935-இல் அறிக்கை தந்தார். 1938-இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1946-இல் அதே கேள்வியை மறுபடி விசாரிக்க மாகாண அரசு தேர்ந்தெடுத்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடு. தாமஸ் 1942-இல் இந்திய அரசின் பொருளாதார ஆலோசகராக டில்லிக்குப் போனார். சென்னையில் பொருளாதாரம் கற்பித்த பி.எஸ். லோகநாதன் ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையத்துக்கு முதல் நிர்வாகச் செயலராகவும், பிறகு 1956-இல் டில்லியில் தொடங்கிய தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவின் முதல் தலைமை இயக்குநராகவும் ஆனார். கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அன்று நாட்டில் அவ்வளவு தேவை இருந்தது.

கிறித்தவக் கல்லூரியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. தாம்பரத்தில் மால்கம் ஆதிசேசய்யாவிடம் படித்த கே.என். ராஜ், முதல் ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை எழுதும் குழுவில் சேர்ந்தபோது வயது 26. ஆதிசேசய்யா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்து, ஓய்வுபெற்றுச் சென்னைக்குத் திரும்பி, 1971-இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1975 முதல் 1978 வரை நம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அந்த நிறுவனத்தின் இயக்குநராகப் பின்னர் வந்த சி.டி. குரியனும் கிறித்தவக் கல்லூரி வகுப்பறையிலிருந்து போனவர்தான்.

இங்கே சேப்பாக்கத்தில் இருக்கும் நம் பல்கலைக்கழகத்துக்குச் சற்று உறைக்கிற ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சேப்பாக்கம் தொடங்கிய வேலையை 1980-களில் தொடர்ந்தது காந்தி நகர். ஐ.ஏ.எஸ். பதவியிலிருந்து விலகி அங்கே ஆராய்ச்சிக்கு வந்த எஸ். குகன், பாலக்குறிச்சிக்கும் தூசிக்கும் போனார். இருவேல்பட்டுக்கு அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரோடு சேர்ந்து போனார். கங்கைகொண்டானையும் வடமலாபுரத்தையும் வெங்கடேஷ் ஆத்ரேயா எடுத்துக்கொண்டார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஜெயரஞ்சன் 2021-இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவரானார்.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தென்பெண்ணையை ஒட்டி, விழுப்புரம் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது இருவேல்பட்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து ஆறு பெருகியபோது ஊர் பெயர் தொலைக்காட்சியில் ஓடியது. இந்தியாவில் மிக நீண்ட காலம் பின்தொடரப்பட்ட கிராமங்களில் அதுவும் ஒன்று என்று எந்தச் சேனலும் சொல்லவில்லை. 1916-இல் அங்கே நிலத்தின் பெரும்பகுதி ஒரு ரெட்டியார் குடும்பத்தைச் சுற்றி இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகப் படியாள் வருஷக்கணக்கில் அந்த வயலிலேயே கட்டுண்டு கிடந்தான். கூலி தானியமாக வந்தது. 2008-இல் போனவர்கள் கண்டது வேறு ஊர். பெரிய வீட்டின் பிடி தளர்ந்திருந்தது. தலித் குடும்பங்களின் வருமானத்துக்கு வயல் மட்டுமே கதி என்றில்லை. ஊருக்கு வெளியே கட்டட வேலைக்கும் பிற வேலைக்கும் போய் வந்தார்கள். அதே சமயம் நிலத்தை மறுபங்கீடு செய்து வந்த மாற்றம் அல்ல இது. வறுமை குறைந்ததா என்ற ஒற்றைக் கேள்விக்கு எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் பதில் தந்துவிடும். எந்த வழியாகக் குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்பதற்கு ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. இந்தத் துறை உலகத்துக்குக் கொடுத்த ஒரே கண்டுபிடிப்பு என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1960-களுக்குப் பிறகு துறையின் முகம் மாறியது, சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்வழி வகுப்புகளும் தமிழில் கல்லூரிப் பாடநூல்களும் வந்தன. கணிதப் பொருளாதாரம் வளர்ந்து, எகனாமெட்ரிக்ஸ் தனித் துறையாயிற்று. அங்கே பேராசிரியராக இருந்த யு. சங்கர், ராஜா செல்லையா முன்னின்று 1993-இல் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் முதல் இயக்குநரானார். செல்லையா தலைமையில் 1991-இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் 1994-இல் தொலைபேசி, பங்குத் தரகு, பொதுக் காப்பீடு என்ற மூன்றில் சேவை வரி தொடங்கியதன் வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

இந்தப் பெரிய பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரலாறு ஓடுகிறது. அதில்தான் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமாகி, ஊருக்கு ஊர் கிளை திறந்தபோது, பி.ஏ. பொருளாதாரம் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு முதன்முறையாகக் கௌரவமான ஒரு மாதச் சம்பளம் கண்ணில் பட்டது. 1981-இல் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் வங்கி எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு வரிசையில் நின்றார்கள். காக்கி உறையில் வரும் பாடக் கட்டுகள், ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு, ருத்தர் தத் – சுந்தரம் எழுதிய இந்தியப் பொருளாதாரப் புத்தகத்தின் மூன்றாம் கைப் பிரதி. அறிவுத் தாகத்தில் படித்தவர்களும் உண்டு, ஊக்க ஊதியத்துக்காகப் படித்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரை ஏளனமாகப் பேசிய சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்சி இல்லை. வேலை பார்த்துக்கொண்டே குறியீட்டு எண்ணைக் கணக்கிடக் கற்றவர்கள், அகவிலைப்படி எப்படி வருகிறது என்பதை முழுநேர மாணவனைவிட நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

இன்று படிக்கிறவர்களுக்கு என்ன வழி? இந்தியப் பொருளாதாரப் பணி 1961-இல் தொடங்கியது. மத்தியத் தேர்வாணையம் அதற்குத் தனித் தேர்வு நடத்துகிறது. பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். பொதுப் பொருளாதாரத்தில் மூன்று தாள், இந்தியப் பொருளாதாரத்தில் ஒன்று, தாளுக்கு 200 மதிப்பெண். ஆங்கிலமும் பொது அறிவும் தனி. இடங்கள் கொஞ்சம்தான். ரிசர்வ் வங்கியின் பொருளாதாரக் கொள்கை ஆய்வுத் துறைக்கான அதிகாரி தேர்வும் இதே வகை. இரண்டிலும் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் கணிதம். பிளஸ் டூவில் கணிதம் இல்லாமலே பி.ஏ. பொருளாதாரத்தில் சேரலாம் என்பது ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவைத் திறந்துவிட்ட ஏற்பாடு. அதே ஏற்பாடு எம்.ஏ. முடியும்போது வேறு கதவுகளை மூடிவிடுகிறது. முதலாண்டிலேயே வகைநுண்கணிதத்தையும் புள்ளியியலையும் உருப்படியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். காமர்ஸ் கிடைக்காதவர்கள் வந்து சேரும் துறை என்ற பெயரும் அப்போது தானாகப் போகும்.

அதிகம் பேசப்படாத வேலை ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி புள்ளியியல் ஆய்வாளர் பணிக்குப் பொருளாதாரப் பட்டதாரிகள் போகிறார்கள். அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று பயிர் அறுவடைப் பரிசோதனை. சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு சர்வே எண் தேர்வாகும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, கொடுக்கப்பட்ட எண்ணிக்கைப்படி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அடி எடுத்துவைத்து முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். வரப்போரம் பயிர் நன்றாக இருக்கிறதே என்று முளையை நகர்த்தக் கூடாது. இருபத்தைந்து சதுர மீட்டரில் கிடைத்ததை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும். இப்படி எடுத்த விளைச்சல் சராசரியை வைத்துத்தான் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அந்தப் பகுதிக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள். மாதிரியெடுப்புக் கோட்பாட்டைப் புத்தகத்தில் படித்தவன் இதைச் செய்வதற்கும் படிக்காதவன் செய்வதற்கும் உள்ள வித்தியாசம், ஊர்ப் பெயர்கூடத் தெரியாத ஒரு விவசாயியின் வங்கிக் கணக்கில் தெரியும்.

தனியார் பக்கமும் தேவை கூடியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் டேட்டா அனலிஸ்டாகச் சேரும் பொருளாதார மாணவிகளைப் பார்க்கிறேன். எக்செல் மட்டும் போதாது, ஆர், பைத்தான், ஸ்டாட்டா என்று ஏதாவது ஒன்று கைவர வேண்டும். 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் கிடைத்தது களப் பரிசோதனை முறைக்காக. பானர்ஜியும் டுஃப்லோவும் சேர்ந்து தொடங்கிய ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு சென்னையின் ஐ.எஃப்.எம்.ஆர். நிறுவனத்தில்தான் வேர்விட்டது. அவர்களிடம் வேலைக்குச் சேரும் இளைஞர்கள் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போகிறார்கள். ஸ்லேட்டர் கொடுத்த காகிதத்துக்குப் பதில் திரை. கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும் வேலை அதேதான்.

அந்தப் பொறுமையைத்தான் நாங்கள் கற்றுத் தராமல் விட்டோமோ என்று தோன்றுகிறது. எம்.ஏ. இறுதிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு தர வேண்டும். முன்னுரை, ஆய்வுக் கண்ணோட்டம், 120 பேரிடம் கேட்டதாக ஓர் அட்டவணை, கைவர்க்கச் சோதனை, முடிவுரை. பைண்டிங் கடையில் ஒன்றைப் பார்த்து ஒன்றாக அச்சாகி வரும் இவற்றில் எத்தனை பேர் உண்மையில் 120 வாசற்படி ஏறினார்கள் என்று வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘கடன் வாங்கியதைச் சொல்லக் கூச்சப்பட்டார்களா?’ என்று கேளுங்கள். களத்துக்குப் போனவர் சிரிப்பார், ஒரு கதை சொல்வார். போகாதவர் அட்டவணை எண்ணைச் சொல்வார்.

இன்று கிராமத்தில் கேட்டு எழுதுவதைவிடச் சென்னையில் கேட்டு எழுதுவதுதான் கடினம். தேசிய மாதிரி ஆய்வுக்குப் போகும் நம் பழைய மாணவர்கள் சொல்வது இது. கிராமத்தில் உட்காரப் பாய் போட்டு, மோர் கொடுத்து, மாசச் செலவை விரல் விட்டுச் சொல்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் காவலாளியைத் தாண்ட வேண்டும், சங்கச் செயலாளரிடம் கடிதம் காட்ட வேண்டும், அப்புறம் இன்டர்காமில் ‘இப்போ நேரமில்லை’ என்ற பதிலைக் கேட்க வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் இப்படி நழுவிவிட்டால் நாட்டின் நுகர்வுக் கணக்கு மேல்பக்கத்தில் குறைந்து காட்டும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகர வீடுகளைக் கார் இருக்கிறதா, அதன் மதிப்பு பத்து லட்சத்துக்கு மேலா என்று பார்த்துத் தனித்தனி அடுக்காகப் பிரித்தது, வசதியான வீடுகளும் மாதிரியில் தக்க அளவு இடம்பெறுவதற்காகத்தான். அடுக்கு பிரிப்பதை டில்லியில் உட்கார்ந்து செய்துவிடலாம். காவலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கி மேலே போவதற்கு ஆள் வேண்டும். அப்படி இரண்டு பேரைப் பயிற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டு மாணவர் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள், வங்கித் தேர்வுப் பயிற்சி பற்றி வரும் அழைப்புகளைவிடக் குறைவாக இருக்கலாம். எடுத்துப் பேச வேண்டியவை முதலில் அந்தக் குறைவான அழைப்புகள்தான்.